அப்பாவின் காருக்குத் தெரிந்த வீடு

அன்று காரில் இருந்தவர்கள் நான், என் மனைவி தெய்வானை, தம்பி பழனிவேலு, நடுவர் ஹேமலதா. கூட இருந்ததாகச் சொல்லித் திரியும் மற்றவர்கள் யாரும் இல்லை.

கண் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் பழைய கார் கண்காட்சிக்கு உரிமையாளர்களை அழைத்திருந்தார்கள். தானே ஓடும் கார்கள் வந்த புதிதில் அப்பா வாங்கியது எங்களுடையது. அவர் இறந்த பின் ஷெட்டிலேயே நின்றது. பரிசு வேண்டுமானால், பழைய நினைவை வைத்தே அது ஓடிக் காட்ட வேண்டும்.

"நம்ம குடும்ப கௌரவம் இதுலதாங்ண்ணா இருக்குது" என்றான் பழனிவேலு.

"வீட்டுக்குப் போ" என்று கம்பீரமாகக் கட்டளையிட்டேன்.

கார் எங்கள் பங்களாவைச் சட்டை செய்யாமல் கடந்து, பொள்ளாச்சியில் ஓர் ஓட்டுவீட்டின் முன் நின்று, செல்லமாக ஹாரன் அடித்தது.

"ஏனுங்க, நம்ம வீடு வந்துருச்சுங்களா?" என்றாள் தெய்வானை.

அப்பாவின் மூக்கோடு ஓர் அம்மாள் வெளியே வந்தார். என்னைவிட ஐந்து வயதாவது மூத்தவர். "வா தம்பி" என்றார். எழுபது வயதில் என்னை யாரும் அப்படி அழைப்பதில்லை. உள்ளே, அரும்பு மீசையோடு அப்பா கல்யாணப் படத்தில் நின்றார்.

ஹேமலதா காரின் நினைவாற்றலுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

எங்கள் அப்பாவுக்கு இரண்டாவதாக ஒரு குடும்பம் பொள்ளாச்சியில் இருந்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. இரண்டாவது குடும்பம் நாங்கள்தான்.