ஒரு ஸ்ட்ரெச்சருக்குத்தான் இடம்

"அவனை ஏத்தினா, நான் ஹெலிகாப்டருக்கு முன்னாடி படுத்துடுவேன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்லு!"

தலைமை நர்ஸ் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. நிலநடுக்கத்தில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி விழுந்துவிட்டது. வெளிநாட்டு ராணுவம் இங்கே கூடாரம் போட்ட நிமிடத்திலிருந்து, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

மொழிபெயர்க்க நின்றவன் ஓட்டல் வரவேற்பாளன். ஓட்டல் போய்விட்டது. அவன் கற்ற வெளிநாட்டு மொழி மட்டும் மிச்சம்.

"கொஞ்சம் நிதானமா பேசுங்க, சிஸ்டர்."

"என்னத்த நிதானம்? இருக்கறதே ஒரு ஸ்ட்ரெச்சருக்கு இடம். அதுல போய் இவனையா ஏத்தறது? இவன் யாருன்னு தெரியுமா உனக்கு?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் முகம் முழுக்க சிமென்ட் தூசி. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்துப் பாயில் கால் நசுங்கிய ஒரு பெண் கிடந்தாள்.

"கடைத்தெரு முனையில அஞ்சு மாடி இடிஞ்சு கிடக்கே, அதைக் கட்டின காண்ட்ராக்டர் இவன்தான்! பக்கத்துல இருக்கற பழைய ஓட்டு வீடெல்லாம் நிக்குது. இது மட்டும் அப்பளமா நொறுங்கிடுச்சு. தூணைக் கையால தேச்சாலே உதிருது. சிமென்டைத் தின்னவன்!"

கூட்டம் சலசலத்தது. ஒருவன் முண்டியடித்து முன்னால் வந்தான்.

"இவனா? என் பொண்டாட்டி இன்னும் அதுக்குள்ளதான்யா கிடக்கா!"

அவன் கையில் செங்கல் இருந்தது. இரண்டு சிப்பாய்கள் பாய்ந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராணுவ டாக்டர் படபடவென்று ஏதோ சொன்னார். வரவேற்பாளன் நர்ஸ் பக்கம் திரும்பினான்.

"இவனுக்கு வயித்துக்குள்ள ரத்தம் கசியுதாம். உடனே கடல்ல நிக்கற அவங்க ஆஸ்பத்திரிக் கப்பலுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணலேன்னா பிழைக்க மாட்டானாம். கால் நசுங்கின அந்தப் பொண்ணு அடுத்த நடை வரைக்கும் தாங்குவாளாம். யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு பாக்கறது தன் வேலை இல்லைங்கறார்."

"அவர் வேலை இல்லையா? வந்ததுலேருந்து தண்ணி பாட்டில் நீட்டறதைக்கூட படம் புடிக்கிறாங்க இல்ல? இதையும் புடிக்கச் சொல்லு. கொலைகாரனுக்குப் பல்லக்கு விட்டோம்னு ஊரெல்லாம் காட்டட்டும்!"

"சிஸ்டர், இதையெல்லாம் நான் எப்படி அவர்கிட்ட..."

"ஒரு வார்த்தை விடாம சொல்லு! அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? இவன் கட்டின வீட்டுல தூங்கினதைத் தவிர?"

வரவேற்பாளன் சொன்னான். டாக்டரின் முகம் சிவந்தது. ஆனாலும் அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்படி கை காட்டினார்.

ஹெலிகாப்டர் விசிறி சுழல ஆரம்பித்தது. மண் பறந்தது. நர்ஸ் வழியை விட்டு நகரவில்லை. ஒரு சிப்பாய் அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். கூட்டத்திலிருந்து கல் ஒன்று பறந்து வந்து கூடாரத்தில் பட்டென்று விழுந்தது.

"சாகட்டும்! அங்கேயே போட்டுட்டுப் போங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

டாக்டர் லேபிள் ஒட்டிய ஒரு சின்னப் புட்டியிலிருந்து அவசரமாக ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

அவ்வளவுதான். சிப்பாயை உதறிவிட்டு ஓடினார் நர்ஸ். டாக்டரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து முறுக்கினார். ஊசி மண்ணில் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

வரவேற்பாளன் பதறிப்போய் அவரைப் பிடித்து இழுத்தான். "விடுங்க சிஸ்டர்! அதுக்காக ஆளையே கொல்லப் பாக்கறீங்களா?"

"பென்சிலின் வேண்டாம்னு சொல்லு." நர்ஸின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "இந்தப் பாவிக்கு அது ஒத்துக்காது. மூணு வயசுல போட்டப்பவே மூச்சு நின்னு என் மடியில கிடந்தான். பெத்தவ சொல்றேன், வேற மருந்து போடச் சொல்லு!"