ஒரு காது குருவிக்கு

குருவி கத்தியதும் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

அம்மா கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்து, யார் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று கேட்டாள்.

கத்தியது குருவி இல்லை. தோட்டத்து மைனா.

குருவி என்பது பீங்கான் குருவி. தம்பி வாங்கி அனுப்பியது. நீல உடம்பு, மஞ்சள் மூக்கு, வயிற்றுக்குள் இரண்டு பேட்டரி. எதிரே யாராவது நடந்தால் மூன்று தடவை கூவும். அம்மாவுக்குப் பறவை என்றால் உயிராயிற்றே, அலமாரியில் அழகாக இருக்கும் என்று அனுப்பினான். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் அவனுடைய பங்கு அந்தக் குருவிதான்.

நான் அதை அலமாரியில் வைக்கவில்லை. பின்வாசல் கதவோரம் வைத்தேன்.

போன மாதம் அம்மா அந்த வழியாகத்தான் போனாள். பூட்டுப் போட வழியில்லாத பழைய தோட்டத்து கேட்டைத் திறந்துகொண்டு பெரிய ரோடு வரைக்கும். நடு ரோட்டில் நைட்டியோடு நின்றவளை ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து, கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிவந்து நிறுத்தினாராம்.

கதவைப் பூட்டிப் பார்த்தேன். பூட்டிய கதவைத் தட்டித் தட்டி அவள் அழுததை ஒரு நாளுக்கு மேல் கேட்க முடியவில்லை. அந்தத் தோட்டமும் அங்கே வருகிற பறவைகளும்தான் அவளுக்கு மிச்சம். ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரிப்பாள். கால் வளைந்த சிட்டுக்குருவி நேரம் கழித்து வந்தால் அதற்குத் தனியாகத் திட்டு விழும். மைனாவுக்கு வக்கீல் என்று பெயர். யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருக்குமாம். பீங்கான் குருவியை மட்டும் அவள் கூட்டத்தில் சேர்க்கவில்லை. போட்டால் தின்னாத ஜென்மம் என்றாள்.

எனக்கு வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை. கோர்ட்டில் நடந்த விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். வயது அறுபத்தொன்று. ஒரு காது கோர்ட்டுக்கு, ஒரு காது குருவிக்கு.

பத்தே நாளில் வக்கீல் மைனா அந்தக் கூவலைக் கற்றுக்கொண்டது. அச்சு அசலாக மூன்று தடவை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளைக்கு இருபது ஓட்டம். முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு நாள் பொறுக்க முடியாமல் விளக்குமாற்றை எடுத்து மைனாவை விரட்டினேன். அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில்தான், ஏண்டி, உனக்கும் அதுக்கும் என்னடி பங்காளிச் சண்டை என்று ஆரம்பித்தாள்.

அவள் திட்டியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

தம்பி போன் செய்தால் அவனை சார் என்கிறாள். நல்லா இருக்கீங்களா சார் என்று மரியாதையாக விசாரித்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிடுகிறாள். போன வாரம் அவன், உன்னையாவது தெரியுதா என்று கேட்டான். என்னை இன்னும் டி போட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதுவும் அதிக நாள் இருக்காது என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்றைக்கு மைனாவை வாயாரத் திட்டிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். காதுக்குள் ஒரு சாட்சி, தான் எதையும் பார்க்கவில்லை என்பதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணைக் கொஞ்சம் மூடினேன்.

விழித்தபோது மேசை மேல் இருந்த வெயில் இறங்கிச் சுவரோரம் போயிருந்தது. இரண்டு மணி நேரம். கன்னத்தில் விசைப்பலகையின் தடம்.

குருவி கூவினதாக நினைவே இல்லை.

கட்டில் காலியாக இருந்தது.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பீங்கான் குருவி மல்லாந்து கிடந்தது, வயிற்று மூடி திறந்தபடி. பேட்டரி இரண்டும் அவள் கைக்குள். எதிரே ஏழெட்டுச் சிட்டுக்குருவிகள் ரொட்டித் தூளைக் கொத்திக்கொண்டிருந்தன. தோட்டத்து கேட் சாத்தியபடியே இருந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டேன். பேட்டரியை எதற்காகக் கழற்றினாள் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. உள்ள ஒரு பொண்ணு தூங்குது. இது கத்தினா போதும், பாவம், விழுந்தடிச்சு ஓடி வருது. அதான் கழட்டி வச்சிட்டேன். அவங்க அம்மா வர்ற வரைக்கும் நான் எங்கயும் போகாம இங்கயே இருக்கேன்."

குருவிகள் ஒரு முறை எழும்பி, மறுபடி வந்து இறங்கின.

படியில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் ஒரேயடியாக வலித்தன. கையில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். நானும் தூவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பெண் எழுந்துவிட்டாளோ என்னவோ, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று என்னிடம் கேட்டாள்.

"வேண்டாங்க," என்றேன். "நல்லாத் தூங்கறா."