நாலே நாலு செய்தி

மெயினருவி மேல் சத்தியம். இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் நாக்கு மோர்மிளகாய் வத்தலாகச் சுருண்டு போகட்டும்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற குத்தாலிங்கம் முதுகில் ஒரு தட்டு தட்டினால், ஐந்தருவியில் குளிக்கிறவன் 'யாருலே கூப்பிட்டது' என்று திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு போன் அடங்க மாட்டேன் என்றது.

“எம் மருமவ எனக்கு ஜெயிலு கட்டிட்டா அண்ணாச்சி,” என்றார், கையில் சிக்கியிருந்த மொட்டைத் தலையிடம்.

“என்ன ஜெயிலு?”

“யூடியூப் கிடையாது, பேஸ்புக் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. ஃபீட் ரீடராம், என்னமோ ஒரு ஆப்பு. அவ சேத்து வச்சது மட்டுந்தான் வரும். அருவியில தண்ணி, மழை, கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலு, சுரண்டை காய்கறி வெல. நாலே நாலு செய்தி. நான் என்ன கத்தரிக்காயா விக்கேன்?”

மொட்டைத் தலை சிரித்தது.

“அவ மட்டும் எந்நேரமும் போனும் கையுமா இருக்கா. எம்மவன் போயி இன்னும் வருசம் திரும்பல. பக்கத்து வீட்டு ஹைருன் பீவியே கேக்கா, அப்படி என்னத்தத்தான் பாக்கான்னு.”

மொட்டைத் தலை சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

மகன் முத்துகுமரன் லாட்ஜில் வேலை பார்த்தவன். போன சாரல் சீசனில், வழுக்கி விழுந்த டூரிஸ்ட் ஒருவரை இழுத்துவிடத் தண்ணீரில் இறங்கினான். டூரிஸ்ட் கரையேறிவிட்டார்.

“ஒரு நொடிதான் மாமா. அவுகளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது,” என்று மருமகள் இராமலட்சுமி சொன்னாள். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு மாதமாகக் குத்தாலிங்கம் சோறு தின்றார்.

மறுநாள் காலையில் அந்த நாலு செய்தியில் ஒன்று சொன்னது: அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தலை கிடைக்காத நாள். தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டார்.

செல்போன் கடை ஜெபஸ்டினுக்கு அவரை முன்பின் தெரியாது. போனைப் புரட்டிப் பார்த்தான்.

“நல்ல ஆப்புல்லா போட்டிருக்காவ! ஓப்பன் ஆப்பு. விளம்பரம் கிடையாது, நம்மள வேவு பாக்காது. நாம கேட்டது மட்டுந்தான் வரும். எவனும் எதையும் கொண்டாந்து திணிக்க முடியாது. இத எதுக்கு அண்ணாச்சி எடுக்கச் சொல்லுதிய?”

“எனக்குத் திணிக்கத்தாம்லே வேணும். யூடியூப்பைப் போடு.”

போட்டான். குத்தாலிங்கம் விரலால் தள்ளினார். ஒரு சமையல். ஒரு சாமியார். மூன்றாவதாக வந்தது குற்றாலம்.

'போதையில் குதித்த வாலிபர். கடைசி வரை பாருங்க!'

பின்னால் ஒரு குத்துப்பாட்டு.

கடைசி வரை பார்த்தார். ஒரு நொடி இல்லை, நாலு நிமிஷம். பாறையைப் பிடித்துக்கொண்டு முத்துகுமரன் கத்துகிறான். கரையில் இருபது கை. இருபதிலும் போன். பாட்டுச் சத்தத்தில் அவன் கத்துவது கேட்கவில்லை. 'அப்பா' என்று வாயசைவில் தெரிந்தது.

“குடிச்சிட்டு எதுக்குத்தான் தண்ணியில எறங்குதானுவளோ,” என்ற ஜெபஸ்டின், குனிந்து பார்த்தான். “இல்ல அண்ணாச்சி, கீழ யாரோ இராமலட்சுமின்னு எழுதியிருக்காவ. 'இவர் என் கணவர். குடிக்காதவர். ஒருவரைக் காப்பாற்றப் போனவர். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.'”

அவனே மேலும் தள்ளினான்.

“இன்னொருத்தன் போட்டிருக்கான், அதுலயும் எழுதியிருக்காவ. இந்தா, இதுலயும். நேத்து வந்ததுலயும். தேடித் தேடிப் போயி எழுதுதாவ போல. பாவம், அப்பம் அத்தனையையும் பாத்திருப்பாவளே!”

குத்தாலிங்கம் போனைக் கவிழ்த்து அவன் பக்கம் தள்ளினார்.

“ஐயா, பழையபடி ஆக்கிருய்யா.”

“இப்பத்தான போட்டேன்?”

“எனக்குக் கத்தரிக்கா வெல போதும்.”

வீட்டு வாசலில் இராமலட்சுமி நின்றாள். கண் அவர் கைப்போனிலேயே இருந்தது.

“எங்க போனிய மாமா? போன எவன்ட்டயும் குடுத்தியளா?”

“குடுத்தேன்ட்டி! அந்த மூதிக்கும் ஒரு எழவும் தெரியல. ஒன் ஆப்பை அசைக்க முடியலங்கான். நீ மட்டும் நாள் பூரா பாரு, நான் நரசிம்மரையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்!”

தெருவுக்கே கேட்டது. அவள் முகம் தெளிந்தது. “சாப்பிட வாங்க மாமா,” என்று உள்ளே போனாள். அன்றைக்கு அவளும் கூட உட்கார்ந்து இரண்டு வாய் தின்றாள்.

இன்றைக்கும் நாள் தவறாமல் அவளைத் திட்டுகிறார். தாலியறுத்த பிள்ளையைக் கிழவன் இந்தப் பாடு படுத்துகிறானே என்று தெருவே காறித் துப்புகிறது. துப்பட்டும், நீங்களும் சேர்ந்து துப்புங்கள். ஆனால் அவர் பார்த்துவிட்டார் என்பதை மட்டும் நான் சொன்னேனென்று எங்கும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அவள் காதில் விழுந்தால், அந்த இரண்டு வாய்ச் சோறும் நின்றுபோகும்.