பதினாலு கருப்புப் படங்கள்

அத்தான் சொன்ன கதையை கேமரா மெக்கானிக் ஒன்பது வருஷமாக நம்பியதே இல்லை.

கதை இதுதான். டாக்டர்கள் கைவிரித்து, அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய வாரம். "எல்லாரும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு படம் எடுத்துடுங்க" என்று அப்பா ஆசைப்பட்டார். அத்தான்தான் எடுத்தார். பதினாலு தடவை அழுத்தினாராம். ஷட்டர் திறக்கவே இல்லையாம். பதினாலும் கருப்பாம். அதோடு கேமராவும் உயிரை விட்டதாம்.

நாலாம் நாள் அப்பாவும் போய்விட்டார்.

மெக்கானிக் அன்றைக்கு அங்கே இல்லை. கடையில் யாருடைய கேமராவையோ பிரித்துப் போட்டிருந்தார். "பத்தே நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்று போனில் சொன்னவர், போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அப்பா களைத்துப் படுத்துவிட்டார்.

அவர் தாமதமாக வந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அத்தானின் கருப்புப் படங்களை மட்டும் யாரும் மறக்கவில்லை. மெக்கானிக் மறக்க விடவில்லை.

"சிக்கின ஷட்டர் பதினாலு தடவை அழுத்த விடாது அத்தான். ரெண்டாவது தடவையே எர்ரர் காட்டி நின்னுடும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கோணலாவே இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே" என்று அத்தான் சிரிப்பார்.

உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இதே பாட்டு. பிள்ளைகள் அத்தானுக்கு 'இருட்டு மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் மெக்கானிக்குக்கு உறுத்தும். ஊரே அவரிடம் கேமரா கொண்டுவருகிறது. சொந்த அத்தான் மட்டும் அந்தக் கேமராவைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

இன்று அக்கா கொண்டுவந்துவிட்டாள்.

"பரண்ல கிடந்துதுடா. பேத்தி கேக்கறா. அவர்கிட்ட சொல்லல. சொன்னா, 'அது செத்த கேமரா, விடு'ன்னுவார். பாத்து வை, கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்."

பேட்டரி உப்பியிருந்தது. அது உட்காரும் இடத்துத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கடையிலிருந்த அதே அளவு பேட்டரி ஒன்றைப் போட்டார். திரை வெளிச்சமானது.

"செத்த கேமராவாம்!"

பட்டனை அழுத்தினார். ஷட்டர் விழவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம்.

அப்படியானால் அந்த மனுஷன் சொன்னது நிஜம்தானா? ஒன்பது வருஷமாக ஒரு பாவமும் அறியாதவரையா வறுத்தெடுத்தோம்?

மெமரி கார்டை உருவிவிட்டு அழுத்தினார்.

க்ளிக்.

லென்ஸைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வேகத்தைக் கூட்டி ஒரு தடவை, குறைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஷட்டர் கண்ணிமை மாதிரி திறந்து மூடியது. அதில் ஒரு குறையும் இல்லை.

கோளாறு கார்டில்தான். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பூட்டு உண்டு. அதைத் தள்ளிவிட்டால் புதுப் படம் பதியாது. இருக்கிற படத்தை யாரும் அழிக்கவும் முடியாது. யாரோ அதைத் தள்ளி, திரும்ப நகராமலிருக்க மேலே மெல்லிய டேப்பும் ஒட்டியிருந்தார்கள்.

கார்டைத் திரும்பப் போட்டுப் படங்களைப் பார்த்தார்.

பதினாலு. ஒன்றுகூடக் கருப்பில்லை.

எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அப்பாவைத் தவிர. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பதினாலு படத்திலும்.

படியில் தடதடவென்று சத்தம். அத்தான். அவசரத்தில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"மாப்ளே, பரண்ல கேமராவைக் காணோம். உங்க அக்கா ஏதாவது... பேட்டரி போட்டுட்டியா?"

"போட்டேன்."

"ஷட்டர்?"

"விழுது. அன்னைக்கும் நல்லாத்தான் விழுந்திருக்கு."

அத்தான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அழிச்சுடணும்னு எத்தனையோ தடவை கேமராவைக் கையில எடுத்தேன். அவரோட கடைசிப் படம். கை வரலை. அப்புறம்தான் பூட்டி வச்சேன்."

"ஒன்பது வருஷம் அத்தான். இந்த வாயால உங்களை என்னவெல்லாம்..."

"விடு. ஷட்டர் மேல பழி போட்டா அது கோவிச்சுக்கப் போகுதா?"

"யார்கிட்டயும் சொல்லலியே, அக்காகிட்டகூட."

"அவங்க எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அவரைப் பாத்தது நான் ஒருத்தன்தான். நீயும் பாக்க வேண்டாம்னு நினைச்சேன்."

மெக்கானிக் கேமராவை அணைத்தார். மறுபடி போட்டார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்:

"அப்பா எவ்வளவு நேரம் வாசலையே பாத்துக்கிட்டிருந்தார், அத்தான்?"