பதினெட்டு வாங்கியவள்

பிளஸ்ஸும் மைனஸுமாகப் பன்னிரண்டு வோல்ட் தரும் பவர் சப்ளைக்குப் பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்று கடைசிவரை சாதித்தான் அண்ணன். வோல்டேஜ் இறங்கினால் தாங்காது, பதினைந்து வேண்டும் என்றாள் தங்கை.

அவன் இறந்தபின், பாதியில் நின்ற அந்தப் பவர் சப்ளைப் பெட்டியைத் தன் கணக்குப்படி முடிக்கப் பதினைந்து வாங்கிவந்தாள். கடையில் பதினைந்து காட்டிய அவளது மீட்டர், அவன் மேசையில் பன்னிரண்டு காட்டியது. மாற்றி வாங்கினாள். அதுவும் பன்னிரண்டு.

“பேசாம பன்னெண்டையே வச்சுடேன்,” என்றாள் அண்ணி.

“செத்தும் அவன் விட்டுக்கொடுக்கல. நான் மட்டும் எதுக்கு அண்ணி விடணும்?”

மறுநாள் பதினெட்டு வாங்கினாள். மேசையில் பதினைந்து காட்டியது.

“இப்ப என்ன சொல்றே?” என்று காலி நாற்காலியைக் கேட்டுவிட்டு ஒயர்களைப் பற்றவைக்கத் தொடங்கினாள்.

எதிரே, யாரும் பிளக்கில் செருகாத அவனுடைய சால்டரிங் அயர்ன் மெல்லப் புகைந்தது.

“இனி இது என் பெட்டி. தொடாதே,” என்றாள், தலை நிமிராமல்.