போடாத நாற்காலி

“உன் தங்கச்சி கல்யாணத்துல உன் அண்ணன் எனக்கு ஒரு நாற்காலி போட்டானா?”

மாமனார் ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், அந்த நாற்காலி ஞாபகம் வந்துவிடும்.

“வீட்டு மாப்பிள்ளை நான். தூணோட தூணா நின்னேன். ஒருத்தன் என்னைச் சமையல்காரன்னு நெனச்சு, ‘சாப்பாடு எப்பய்யா போடுவே?’ன்னு கேட்டான்!”

“முப்பது வருஷமாச்சு. இன்னுமா அதையே சொல்லிக் காட்டுவீங்க?” மாமியார் மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

சற்று நேரத்தில் எண்ணெய் சடசடத்தது. உருளைக்கிழங்கு வறுவல்.

பொரித்தது எதுவும் இரண்டு பேருக்குமே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எண்ணெய் டப்பாவுக்குக் காவல், மகன். ஆனால் அம்மா அழுதால் அவன் வெண்ணெயாக உருகிவிடுவான்.

“மனசு சரியில்லாத அன்னிக்கு மட்டும் கொஞ்சம் சாப்பிடட்டும், விடு” என்பான்.

புதிதாக வந்த மருமகளுக்கோ வயிறு எரிந்தது. அழவைத்த மனுஷன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பாதித் தட்டைக் காலி பண்ணுகிறார்!

“உங்கப்பாவுக்குக் கல்நெஞ்சு” என்றாள் புருஷனிடம். “பாவம் அத்தை. வாராவாரம் அழுதே தேஞ்சு போறாங்க.”

“தேஞ்ச மாதிரி தெரியலையே?”

“சிரிக்காதீங்க. இதுக்கு நான் ஒரு முடிவு கட்டறேன்.”

போனை எடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உன் தங்கச்சி கல்யா...” என்னும்போதே வாசல் மணி அடித்தது.

மாமியாரின் அண்ணன் நின்றார். தலையில் ஒரு புது நாற்காலி. சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

“மாப்பிள்ளை, அன்னிக்கு நடந்தது என் தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க. முதல்ல இதுல உட்காருங்க.”

தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். மாமனார் உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அப்பாடா!” மகன் கைதட்டினான். “இனிமே இந்த வீட்டுல அழுகையே கிடையாது.”

“கிடையாதா?” என்றார் மாமியார், ஈனசுரத்தில்.

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மாமனாரைப் பார்த்தார். இழவு வீடே தோற்றுப்போகும் போலிருந்தது.

சாதித்துவிட்ட பெருமையோடு மருமகள் டீ போட உள்ளே போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. திறந்தாள்.

வட்டவட்டமாகச் சீவிய உருளைக்கிழங்கு, தண்ணீரில் மிதந்தது.

சண்டையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. கிழங்கு மட்டும் எப்போது தயாரானது?

மருமகளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். புது நாற்காலியில் மாமனார், ஃபெயிலான பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“மாமா, நாற்காலி விஷயம் முடிஞ்சுது, சரி. அன்னிக்கு உங்களுக்குக் குடிக்கத் தண்ணியாவது குடுத்தாங்களா?”

“எங்கேம்மா குடுத்தான்!” நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார் மாமனார்.

அதற்குள் மாமியார் அழ ஆரம்பித்திருந்தார்.