சிப்பிக்குத் தெரிந்த எதிரி

"இன்னிக்கும் உங்க சிப்பி குதிக்கலைன்னா ஆய்வை மூடிடலாம், மேடம்" என்றார் கடல் ஆய்வுக்கூட இயக்குநர், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு.

நட்சத்திர மீன் தொட்டால், விசிறிச் சிப்பி தன் இரு ஓடுகளையும் படபடவென்று அடித்துப் பாய்ந்து தப்பும். அப்போது அதன் தசைக்கு எவ்வளவு பலம் என்று அளப்பதுதான் மேடத்தின் ஆய்வு. ஆனால் நட்சத்திர மீனை மேலேயே தூக்கி வைத்தும், தொட்டியிலிருந்த சிப்பிகள் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல அசையாமல் கிடந்தன.

"போன வாரம் ஆறு சிப்பி தப்பிச்சுப் போச்சுன்னீங்களே, எப்படி? ஜன்னல் ஏறிக் குதிச்சுதா?"

மேடத்துக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து அவர் கணவர் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார்.

"என்னம்மா, சிப்பிங்க கோவிச்சுக்கிச்சா?" என்று தொட்டிக்குள் செல்லமாகக் கையை விட்டார்.

படபடபட! அத்தனையும் ஒரே பாய்ச்சலில் மறுகோடிக்குப் போயின. தசை பலத்தை அளக்கும் கருவியின் முள் எல்லை தாண்டி வளைந்தே விட்டது. ஒரு சிப்பி இயக்குநரின் சட்டைப் பைக்குள் அடைக்கலம் புகுந்தது.

"அடேயப்பா! உலகத்துல யாரும் இப்படி அளந்ததில்ல!" இயக்குநர் துள்ளினார். "சார், நீங்க தினமும் வரணும்!"

"வீட்டுல ஒரு கொசுகூட எனக்குப் பயப்படாது" என்று கணவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, போன வாரம் நான் வெளியூர் போனப்ப, தொட்டியைப் பார்த்துக்கச் சொன்னேனே... அன்னிக்கு ராத்திரி என்ன சமைச்சீங்க?"

மேசையில் கூடை மட்டும் இருந்தது, கதவு ஆடிக்கொண்டிருந்தது.

பழக்க தோஷத்தில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியிருந்த இயக்குநர் அதைப் பார்த்து அசந்துபோனார்.

"மேடம், சிப்பியெல்லாம் இவர்கிட்ட பிச்சை வாங்கணும்!"